டர்போ காருக்கு எந்த ஆயில்: இருபதா, முப்பதா, நாற்பதா?

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி 15டபிள்யூ-40 கேனைத் திறக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு அதனால் பெரிய கேடு வராது. இன்றைய சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு வரும்.

முதலில் அந்த வெயில் கணக்கையே பார்த்துவிடலாம். கூலன்டை 90 முதல் 105 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் பிடித்து வைக்கிறது. வண்டி ஓடிச் சூடான பிறகு சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் வேலூரிலும் சரி, ஊட்டியிலும் சரி, 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை விடாமல் ஏறினால் 120-ஐயும் தாண்டலாம். ஆயிலைச் சுடவைப்பது சுமை. வெயிலின் பங்கு அதில் கொஞ்சம்தான்.

உண்மையான சோதனை, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவுக்குள் நடக்கிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும். பெரும்பாலான கார்களில் அங்கே பால் பேரிங் கிடையாது. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம்தான் தாங்குகிறது. பெட்ரோல் டர்போவில் அந்தத் தண்டின் ஒரு முனையில் மோதும் புகை 950 டிகிரி வரை போகும். டீசலில் 800-ஐ ஒட்டி.

சரி, கேனில் இருக்கும் எண்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் 20, 30, 40 என்பது சூடான ஆயிலின் கெட்டித்தன்மை; தலைப்பில் கேட்ட இருபது, முப்பது, நாற்பது அதுதான். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில் நடக்கும் சோதனை, 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. சமவெளித் தமிழ்நாட்டில் இந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை. நமக்கு உதவுவது ஆயில் கம்பெனியின் தரவுத்தாளில் '40 டிகிரியில் பாகுநிலை' (கெட்டித்தன்மை) என்று போட்டிருக்கும் எண். சென்னையில் காலையில் சாவி போடும்போது ஆயில் 28, 30 டிகிரியில் இருக்கும். அந்த நிலைக்கு மிக அருகில் இருப்பது இந்த எண்தான். 0டபிள்யூ-20 ஆயிலில் இது சுமார் 40 முதல் 45 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு). 5டபிள்யூ-30 ஆயிலில் 55 முதல் 70. 5டபிள்யூ-40 ஆயிலில் 80 முதல் 90. 15டபிள்யூ-40 ஆயிலில் 105 முதல் 120. அதாவது கெட்டி ஆயிலை ஊற்றினால் காலையில் பம்ப் தள்ள வேண்டியது இருபதைவிட இரண்டரை மடங்கு கெட்டியான திரவம். அது மேலே ஏறி, பென்சில் தடிமன் குழாய் வழியாக டர்போவைப் போய்ச் சேரும் வரை தண்டு மிச்சமிருக்கும் பழைய படலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மெல்லிய ஆயிலே நல்லது என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். இன்னொரு பக்கத்தில் எச்டிஎச்எஸ் என்ற அளவு இருக்கிறது. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் வேகத்தில், படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. இருபதுக்குக் குறைந்தபட்சம் 2.6, முப்பதுக்கு 2.9, 5டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5. டர்போ காருக்கு ஆயில் வாங்குபவர் தேட வேண்டிய எண் இதுதான். கேனின் முகப்பில் இது இருக்காது, தரவுத்தாளில்தான் இருக்கும்.

ஏமாற்றம் வருவது முப்பதில். 5டபிள்யூ-30 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஆயில்கள் விற்கின்றன. ஐஎல்சாக் (அமெரிக்க, ஜப்பானிய கார் கம்பெனிகளின் ஆயில் தரக் குழு) ஜிஎஃப்-6 முத்திரையோடு வரும் வகையில் எச்டிஎச்எஸ் 3.0, 3.1 என்ற அளவில் இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காகவே மெல்லியதாகச் செய்தது. ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) தரங்களான சி3 அல்லது ஏ3/பி4 என்று போட்ட ஐரோப்பிய வகையில் அதே 5டபிள்யூ-30 குறைந்தது 3.5 காட்டியாக வேண்டும். சூட்டில் இது நாற்பதுக்குச் சமமாக நிற்கும் முப்பது. கடைக்காரரிடம் "5டபிள்யூ-30 கொடுங்க" என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

அப்படியானால் 3.5-க்கு மேல் இருக்கும் ஐரோப்பிய 5டபிள்யூ-40-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமே? டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போக்களில், நாலாவது ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. எல்எஸ்பிஐ என்பார்கள். சாதாரண நாக்கிங் மாதிரி இது மெதுவாகத் தட்டாது. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் மேடையை உடைத்துவிடும். பிஸ்டன் ஓரத்தில் பெட்ரோலோடு கலந்து தெறிக்கும் ஆயில் துளிகள் இதற்கு ஒரு காரணம், அந்தத் துளியில் இருக்கும் கால்சியம் தூண்டுகோல். இன்ஜினைச் சுத்தமாக வைக்க ஆயிலில் சேர்க்கும் டிடர்ஜென்ட் பல காலமாகக் கால்சியம்தான். இந்தக் கோளாறு தெரியவந்த பிறகு ஒரு பகுதியை மக்னீசியத்துக்கு மாற்றினார்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) 2018 மே மாதம் கொண்டுவந்த எஸ்என் பிளஸ் தரத்திலும், 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பியிலும் இதற்கான சோதனை உண்டு. எஸ்பியில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் ஒரு சோதனை சேர்ந்தது. வெறும் ஏ3/பி4 முத்திரையில் எல்எஸ்பிஐ சோதனை கிடையாது. ஏசிஇஏ 2021-இல் புதிதாக வந்த ஏ7/பி7, சி6 பிரிவுகளில்தான் அது வந்தது.

ஆகவே டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் பழைய கலவையில் செய்த, ஏபிஐயின் முந்தைய தரமான எஸ்என் மட்டும் போட்ட ஏ3/பி4 5டபிள்யூ-40-ஐவிட, எஸ்பி போட்ட சாதாரண 5டபிள்யூ-30 பத்திரமானது. படலம் கொஞ்சம் மெலிந்தாலும் பிஸ்டன் உடையும் ஆபத்து குறையும். இரண்டும் வேண்டுமென்றால் எஸ்பியும் சி3-யும் ஒரே லேபிளில் இருக்கும் கேனைத் தேடுங்கள், இப்போது கிடைக்கிறது. ஹூண்டாய் 1.0 டர்போ ஜிடிஐ, வோக்ஸ்வாகன் ஸ்கோடா டிஎஸ்ஐ, மாருதி பூஸ்டர்ஜெட் எல்லாம் இந்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் சாதி. டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் டர்போ பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே, காற்று நுழையும் இன்டேக் போர்ட்டில் தெளிப்பது, அதில் இந்தப் பயம் வெகு குறைவு. ஆயில் எதுவாக இருந்தாலும், மேட்டில் கியரைக் குறைக்காமல் மிதித்து ஏற்றும் பழக்கத்தை விடுவதுதான் முதல் மருந்து.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனின் இன்னொரு தொல்லை, ஆயிலில் பெட்ரோல் கலப்பது. பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடாவதே இல்லை, இறங்கிய பெட்ரோல் ஆவியாகி வெளியேறுவதும் இல்லை. நான்கைந்து சதவீதம் கலந்தாலே முப்பது இறங்கி இருபதாகிவிடும். அப்படியென்றால் அந்த வண்டியில் ஏற்கெனவே இருபது ஊற்றியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பது அந்தக் கலவைதான். குறைந்த ஓட்டம்தான் ஆயிலுக்குக் கடினமான ஓட்டம். "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில் மாத்தணும்" என்ற வாதம் டர்போ வீட்டில் எடுபடாது.

இருபதை ஒரேயடியாகத் தள்ளவும் கூடாது. பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் அதற்கென்றே அமைந்த இன்ஜின்கள் உண்டு. வோக்ஸ்வாகனின் 508 00 தர ஆயில் 0டபிள்யூ-20 தான். வேறு எதோடும் குழம்பிவிடக் கூடாது என்றே பச்சை நிறம் ஏற்றியிருப்பார்கள். அதைக் கேட்கும் இன்ஜினுக்குத்தான் அது. பழைய 502 00 தரத்தைக் கேட்கும் இன்ஜினில் ஊற்றக் கூடாது.

கம்பெனி சொன்ன எண்ணை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்ட். அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரம். கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றினாலோ, பெட்ரோல் கலந்த பழைய ஆயிலோடு நாள் கடத்தினாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த தூள் சம்புக்குள் இருக்கும் பம்ப் வடிகட்டியை அடைக்கும். ஆயில் பிரஷர் விழும், பேரிங்கும் டர்போவும் சேர்ந்து போகும். பழைய வண்டியாக இதை வாங்குபவர் சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

டீசலுக்கு வேறு கணக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் இருக்கிறது. அதில் சேரும் கரியை 600 டிகிரி சூட்டில் எரித்துவிடலாம். ஆயிலில் இருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைத்துக்கொண்டே போகும். சி2, சி3 ஆயில்களில் சல்ஃபேட்டட் ஆஷ் (சாம்பல் அளவு) 0.8 சதவீதத்துக்கு மேல் போகாது. ஏ3/பி4-இல் 1 முதல் 1.6 வரை. லாரிக்கு ஊற்றும் சிஐ-4 ஆயிலை இங்கே ஊற்றி மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய், பின்னால் டிபிஎஃப் பில்லாகத் திரும்பி வரும். இன்னொன்று: நகரத்துக்குள்ளேயே ஓடும் டீசலில் ரீஜெனரேஷன் (டிபிஎஃப் கரியை எரிப்பது) பாதியில் நின்று நின்று, கூடுதலாகத் தெளித்த டீசல் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். அளவு கம்பியின் மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

செமி சிந்தெட்டிக்கா, ஃபுல் சிந்தெட்டிக்கா என்ற கேள்வியில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. டர்போவுக்கு ஃபுல் சிந்தெட்டிக். ஆனால் அந்தச் சொல்லுக்கு மயங்கவும் வேண்டாம். 1999-இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் விளம்பரச் சண்டையில் வந்த முடிவுக்குப் பிறகு, நன்றாகச் சுத்திகரித்த குரூப் 3 கனிம ஆயிலையும் சிந்தெட்டிக் என்றே விற்கலாம் என்றாகிவிட்டது. இன்று கடையில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான், அதில் தவறும் இல்லை. 'சிந்தெட்டிக் டெக்னாலஜி' என்று எழுதியிருந்தால் மட்டும் இரண்டாவது தடவை படியுங்கள். பெரும்பாலும் அது கலவை ஆயில்.

அதேபோல் லேபிளின் பின்பக்கம் 'அப்ரூவல்' என்று ஒரு பட்டியலும், 'பயன்படுத்தப் பரிந்துரைக்கிறோம்' என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். முதல் பட்டியல் கார் கம்பெனி சோதித்து எழுத்தில் கொடுத்த அனுமதி. இரண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டி காலத்தில் முதல் பட்டியலை மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்து எங்கள் கணிப்பு இது. நெடுஞ்சாலையும் நகரமும் கலந்து ஓடும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு, கையேடு இடம் கொடுத்தால், எஸ்பி போட்ட 5டபிள்யூ-30. வாரம் ஒருமுறை மலை ஏறுபவருக்கும், நூறைத் தாண்டிய வேகத்திலேயே மணிக்கணக்கில் போகிறவருக்கும் எஸ்பியும் சி3-யும் சேர்ந்த 5டபிள்யூ-40. கையேடு இருபது மட்டும் சொன்னால் இருபதுதான், ஆனால் மாற்றும் இடைவெளியைச் சுருக்குங்கள். கையேட்டில் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ கிலோமீட்டர் என்று இருக்கும். குறுகிய ஓட்டம் ஓடும் வண்டிக்கு 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது. விலை உயர்ந்த ஆயிலைப் பதினைந்தாயிரம் ஓட்டுவதைவிட நடுத்தர ஆயிலை இரண்டு தடவை மாற்றுவது டர்போவுக்கு நல்லது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பத்து நிமிடம் ஓட்டி இளஞ்சூட்டில் வடியுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. ஸ்பேனரில் தொங்கி இறுக்க வேண்டாம். வோக்ஸ்வாகன் சொல்வது 30 நியூட்டன் மீட்டர்தான், அலுமினியச் சம்பின் மரை அதற்கு மேல் தாங்காது. புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, அது இன்ஜினில் ஒட்டியபின் கையால் முக்கால் சுற்று. கையேட்டில் சொன்ன அளவுக்கு அரை லிட்டர் குறைத்து ஊற்றி, முப்பது விநாடி ஐடிலில் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரில் கால் படக் கூடாது. மேக்ஸுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் கடைந்து நுரை வரும், இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் வழியாக ஆயில் டர்போ வாய்க்குப் போகும், நீலப் புகை வரும். பலர் அதைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று எண்ணிவிடுகிறார்கள்.

டர்போ உண்மையிலேயே போய் மாற்ற நேர்ந்தால், ஆயில் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மலை ஏறிய கையோடு சட்டென்று ஆஃப் செய்த வண்டிகளில் அந்தக் குழாய்க்குள்ளும் அதைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டின் துளையிலும் ஆயில் கருகிக் கரியாக ஒட்டியிருக்கும். பழைய குழாயிலேயே பூட்டிய புது டர்போ சில மாதத்தில் மறுபடியும் மேசைக்கு வரும்.