வேலூர்ல வீட்டுக்கே வந்து எடுக்குற அல்சைமர் ஜீன் டெஸ்ட்: வாங்கலாமா?

எங்க ஆயாவுக்கு அல்சைமர், கடைசியில பெத்த புள்ளைங்களையே நீ யாருன்னு கேட்டாங்க, அம்மாவுக்கு அந்த பயம் ரொம்ப நாளா உண்டு, அவங்க கேட்டுதான் புக் பண்ணேன். கம்பெனி பேரு வேணாம். சத்துவாச்சாரியில ஊட்டுக்கே ஒரு தம்பி வந்தாரு, சொன்ன நேரத்துக்கு. அம்மாவுக்கு நரம்பு கெடைக்கறது கஷ்டம், ஒரே குத்துல ரத்தம் எடுத்துட்டாரு.

ரிப்போர்ட்ல மொத பக்கம் அபோ-இ ஜீன், இத நல்லாவே எழுதியிருக்காங்க. இ4 வகை ஒண்ணு இருந்தா ரிஸ்க் சுமார் 3 மடங்கு, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்திருந்தா 8லருந்து 12 மடங்கு, ஆனா இருந்தும் வராதவங்க உண்டு, இல்லாமலே வர்றவங்களும் நெறைய. அம்மாவுக்கு ஒண்ணு இருக்கு.

அடுத்த பக்கம்தான் எனக்கு ஆத்திரம். இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி ஜீன்னு ஐஎல்-6, டிஎன்எஃப் ரெண்டுக்கும் செவப்பு கலர்ல ஹை ரிஸ்க்னு போட்டிருக்காங்க, அம்மா அத பாத்துட்டு ராத்திரி சாப்பிடவே இல்ல. மூளையில அழற்சிக்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருக்கு, அது நிஜம். ஆனா இந்த ரெண்டு ஜீன் மாற்றத்துல ஒரு ஆய்வு ஆமாங்குது இன்னொண்ணு இல்லங்குது, இத வெச்சு ஒருத்தர பயமுறுத்தலாமா? மூளையில குப்பைய அள்ளுற மைக்ரோக்லியா செல்லுல வேலை செய்ற ட்ரெம்2 ஜீன், அதுல ஒரு அரிதான மாற்றம் இருந்தா ரிஸ்க் கிட்டத்தட்ட ஒரு இ4 அளவுக்கு ஏறுதுன்னு 2012 கடைசியிலயே வெளிவந்துடுச்சு, அத இவங்க பாக்கவே இல்ல.

கீழயே அழற்சி குறைக்க கேப்சூல் வாங்குங்கன்னு விளம்பரம் வேற. அமெரிக்காவுல அழற்சி குறைக்கற நாப்ராக்சன், செலிகாக்சிப் மாத்திரை கொடுத்து அல்சைமர தடுக்க முடியுமான்னு பாத்தாங்க, இதயத்துக்கு ஆகாதோன்னு 2004ல மாத்திரைய நிறுத்திட்டாங்க, தடுத்ததா ஆதாரமும் வரல. அந்த கேப்சூல் வாங்காதீங்க.

காசு குடுத்ததுக்கு பலன்னா போன்ல பேசின கவுன்சலர் அம்மாதான், பொறுமையா தமிழ்லயே சொன்னாங்க, பிபி சுகர கட்டுப்பாட்டுல வைங்க, காது கேக்கலன்னா மெஷின் போடுங்க, நடங்கன்னாங்க. குடும்பத்துல 50 வயசுக்குள்ளயே வந்திருந்தா இந்த டெஸ்ட் பத்தாது, அதுக்கு பிரெசெனிலின் ஜீன் பாக்கணும், நேரா நரம்பு டாக்டர்கிட்ட போங்க. அப்புறம் ரிப்போர்ட்ட சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவங்க வரைக்கும் போயிடும்.