ரின் கொக்ரெயிலா, போத்தல் கள்ளா?

போன கிழமை உப்புவெளிக் கடற்கரையில் மச்சான் ஒரு ரின்னை நீட்டினான். வொட்கா கலந்த எலுமிச்சைப் பானம். வெயிலுக்குச் சில்லென்று இருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தபோதுதான் எலுமிச்சை எங்கே என்று தேட வேண்டி வந்தது. தண்ணீர், சீனி, வடித்த மதுசாரம், கரியமில வாயு, புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம், மணத்துக்கு எசன்ஸ், பழுதாகாமலிருக்கப் பொற்றாசியம் சோர்பேற். பழச்சாறு கடைசியில், பேருக்கு. மதுசாரத்தின் காரத்தைச் சீனி மறைத்துவிடும், அதுதான் வில்லங்கம். 330 மில்லிலீற்றரில் 5 வீதம் என்றால் 16.5 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். சோடா மாதிரி இரண்டு இறங்கினால் 33.

போத்தல் பனங்கள்ளில் பட்டியல் குட்டி. பாளையைச் சீவ முட்டியில் வடியும் சாறு, காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டால் தானாகவே புளிக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி. போத்தல் கள்ளை வடிகட்டிச் சூடாக்குவார்கள். இல்லாவிட்டால் உள்ளே நுரைத்து மூடி பறக்கும். அந்தச் சூட்டில் மரத்தடிக் கள்ளின் வாசம் பாதி போய்விடும், சரி. ஆனாலும் எனக்கு அதுதான். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் ரின்னோடு தள்ளிப் போய் இருந்துவிட்டான்.