சிம் பின், போர்ட் பூட்டு, இசிம், ஆத்தென்டிகேட்டர்: உங்கள் எண்ணை எது காக்கும்?

சிம் மோசடி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு திருட்டுகள் நடக்கின்றன. ஒன்றில் போன் அல்லது சிம் கார்டே களவு போகிறது. இன்னொன்றில் கார்டு உங்கள் போனிலேயே இருக்கும். திருடன் மொபைல் நிறுவனத்தை ஏமாற்றி எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வான் (இதுதான் சிம் ஸ்வாப்), அல்லது வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்துவிடுவான்.

சிம் பின் முதல் திருட்டுக்கு மட்டுமே மருந்து. திரைப் பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். 4 முதல் 8 இலக்க பின் வைத்தால் அந்த வழி அடைபடும். பின்னை இயக்கும்போது, நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பின்னைத்தான் முதலில் கேட்கும். அதைக் குத்துமதிப்பாக அடிக்கக் கூடாது. 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க நிறுவனம் தரும் 8 இலக்க பியூகே கோடு தேவைப்படும். அதையும் 10 முறை தவறாக அடித்தால் சிம் குப்பைக்குத்தான். ஆனால் சிம் ஸ்வாப்புக்கு முன் இந்தப் பின் செல்லாக்காசு. எந்த எண் எந்த சிம்முக்கு என்ற கணக்கு இருப்பது நிறுவனத்தின் தரவுத்தளத்தில். அங்கே மாற்றினால் உங்கள் கார்டும் பின்னும் சேர்ந்தே செயலிழக்கும்.

அதைத் தடுக்க முயல்வது மொபைல் நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்குக்கான பின்னும் (சிம் பின் வேறு, இது வேறு), எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத போர்ட் பூட்டும். எல்லா நிறுவனங்களிலும் கிடைக்காது. கஸ்டமர் கேரில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்பதில்லை. பிறந்த தேதியைப் பின்னாக வைப்பது வீண், மோசடிக்காரர் கையில் முதலில் சிக்குவதே அதுதான். இதன் பலவீனம் மனிதர்கள்: விலைபோன ஊழியர் ஒருவர் பூட்டைத் தாண்டிவிட முடியும்.

இசிம் என்பது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். அதை உருவ முடியாது, அந்த வகையில் நல்லது. ஆனால் நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் கணக்குக்குள் நுழைந்தவர் க்யூஆர் கோடு எடுத்து, கடைக்கே போகாமல் எண்ணைக் கடத்தலாம். எனவே ஸ்வாப்புக்கு எதிரான பாதுகாப்பாக இதை எண்ண வேண்டாம்.

எங்கள் பார்வையில் கூடுதல் பலன் தருவது, எண் பறிபோனாலும் பெரிதாக எதுவும் போகாதபடி செய்துவைப்பதுதான். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கு சிம் ஸ்வாப்பில்தான் போனது. எண்ணைக் கைப்பற்றியவர் அதை வைத்தே கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு முந்தைய ஜூலையிலிருந்தே அணைக்கப்பட்டிருந்தது.

அதற்கான வழி, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் உள்நுழைவுக் கோடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப். அதன் கோடு போனுக்குள்ளேயே உருவாகிறது, வழக்கமாக 30 நொடிக்கு ஒரு 6 இலக்கம். எண்ணோடு அதற்குத் தொடர்பில்லை. பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில்: ஆப்பைச் சேர்த்துவிட்டு, எஸ்எம்எஸ் வழியையும் மீட்பு எண்ணையும் நீக்காமல் விடுகிறார்கள். முன்கதவுக்குப் புதுப் பூட்டு, பின்கதவு திறந்தே கிடக்கிறது. மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் ரீசெட் அங்கேதான் வரும். எண்ணை நீக்கும் முன், ஆப் இல்லாதபோதும் உள்நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் போன் தொலையும் நாளில் வெளியே நிற்பது நீங்கள்தான். போலித் தளத்தில் நீங்களே அந்த 6 இலக்கத்தை அடித்துவிடும் ஆபத்து மட்டும் மிச்சம். கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் சாதனத்தில் சேமிக்கப்படும் பாஸ்கீ அதையும் தடுக்கும், அது உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும்.

எஸ்எம்எஸ் தவிர வேறு வழி தராத வங்கிகள் உண்டு. அவற்றுக்கு, வேறு யாருக்கும் தராத தனி எண் ஒன்றும், கிடைத்தால் அந்த எண்ணுக்குப் போர்ட் பூட்டும் ஆபத்தைக் குறைக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கான 6 இலக்கப் பின்னையும் வைத்துவிடுங்கள்.

எந்த ஏற்பாடு இருந்தாலும், சிக்னல் திடீரென மறைந்து, ரீஸ்டார்ட் செய்தும் வராமல், பக்கத்தில் அதே நெட்வொர்க் போன் வேலை செய்தால் காத்திருக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து முதலில் மொபைல் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், உடனே வங்கியை அழையுங்கள். அதற்குப் பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள்.