மெம்னாக் த டெவில்: ரத்தம் கம்மி, பிரசங்கம் ஜாஸ்தி

அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸோட வேம்பயர் நாவல் சீரிஸ்ல இது அஞ்சாவது, 1995ல வந்தது. பழைய புத்தகக் கடைல 150 ரூபாய்க்கு கெடச்சுது. எனக்கு முன்னாடி யாரோ பென்சில்ல அடிக்கோடு போட்டு படிச்சிருக்காங்க, பாதில ஒரு பஸ் டிக்கெட் சொருகி இருந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு கோடு கூட இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ஆரம்பம் பிரமாதம், அத சொல்லிடணும். சீரிஸோட வேம்பயர் ஹீரோ லெஸ்டாட் நியூயார்க்ல ரோஜர்னு ஒரு போதைமருந்து ஆள பின்னாடியே சுத்தி சுத்தி கடைசில கொல்றான், அந்தாளு வேற பழைய சாமி சிலை, புனிதப் பொருள்னு வீடு நெறைய சேத்து வச்சிருக்கான். கொன்னுட்டு பாருக்கு போய் உக்காந்தா செத்தவனே பக்கத்துல வந்து என் பொண்ணு டோராவ பாத்துக்கோன்னு கத சொல்றான். டோரா டிவில பிரசங்கம் பண்றவ. சரி, ஏதோ பெருசா வரப்போகுதுன்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

வந்தது சாத்தான், அவன் தான் மெம்னாக். வந்தவன் பேசுறான் பேசுறான் பேசிட்டே இருக்கான். கடவுள் படைச்சது, உயிர் 13 கட்டமா வளந்தது, பாதாளத்துல கெடந்த ஆத்துமாக்களுக்காக இவன் கடவுள்கிட்ட சண்ட போட்டது... லெஸ்டாட் மாதிரி ஒரு வாயாடிய உக்கார வச்சு ம் கொட்ட விட்டுட்டாங்க, அதான் தாங்கல.

நடுவுல ஒரே ஒரு எடம். சிலுவைல அறையுற கல்வாரி மலைக்கு போற வழில இயேசுவே கூப்பிட்டு என் ரத்தத்த குடின்னு சொல்ல லெஸ்டாட் அவர் கழுத்துல வாய வைக்கிறான். சர்ச்சுல இயேசுவோட உடம்புன்னு குடுக்குற நன்மை அப்பம் வாங்கி வளந்த எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்கிடுச்சு. அடுத்து வெரோணிக்கா இயேசு முகத்த தொடச்ச துணி. தவக்காலத்துல சிலுவைப்பாதை ஜெபத்துல அவ வர்ற ஆறாம் ஸ்தலம் வரும்போது முட்டி வலிக்குதுன்னு நெளிஞ்சது தான் எனக்கு ஞாபகம், அந்த துணிய இப்படி கிட்டக்க பாத்ததில்ல.

நரகம்னு காட்டுறது நம்ம உத்தரிக்கிற ஸ்தலம், அதான் மோட்சத்துக்கு முன்னாடி பாவம் கழுவுற எடம், அது மாதிரி தான், பாவம் பண்ணவன் தன்னால பாதிக்கப்பட்டவங்கள பாத்து ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சா மேல போகலாம். எத்தனையோ பேர கொன்னவனுக்கு இத விட பெரிய கட்டம் ஏது? லெஸ்டாட் அங்க நின்னு பதில் சொல்லுவான்னு பாத்தா தலைதெறிக்க ஓடி வர்றான், ஒரு கண்ணும் போச்சு. மீட்பப் பத்தி இவ்ளோ பேசின புக்ல மீட்புக்கு கிட்ட ஒருத்தனையும் விடல. முடிவுல ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்லல, ஆனா அது வரைக்கும் கேட்டதெல்லாம் நெசமான்னே சந்தேகம் வர்ற மாதிரி விட்டுட்டாங்க, எனக்கு எரிச்சல் தான் வந்துச்சு.

ரைஸ் 1998ல கத்தோலிக்க சபைக்கு திரும்பி, 2005ல இயேசுவ வச்சே நாவல் எழுதி, 2010ல போதும்டா சாமின்னு வெளிய வந்தவங்க. அந்த இழுபறி பூரா இதுலயே இருக்கு, என்ன, அத கதையா ஆக்காம பட்டிமன்றமா ஆக்கிட்டாங்க.

அஞ்சுக்கு ரெண்டு. ஒண்ணு அந்த பார் சீனுக்கு, ஒண்ணு கல்வாரிக்கு. பஸ் டிக்கெட்ட எடுத்த எடத்துலயே திரும்ப வச்சுட்டேன், அடுத்து வாங்குறவங்களுக்கு உதவும்.