7,400 ரூபாயும் 33 குஞ்சுகளும் போயின: பெயரில்லாத மருந்துப் புட்டியை நம்பாதீர்கள்

இன்று காலை இன்னொரு குஞ்சைப் புதைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். வாங்கியது 50. மிச்சம் 17. குஞ்சுகளுக்கு 5,500 ரூபாய், மருந்துக்கு 1,900 ரூபாய், ஆக 7,400 ரூபாய். பெட்டியை இறக்கிக் கொடுத்த பஸ்காரருக்குக் கொடுத்த 200 ரூபாய் தனி. மகளிர் குழுவில் கடனாக எடுத்த பணம் அது. குஞ்சு செத்தாலும் தவணை நிற்காது. நாட்டுக்கோழி வளர்க்க நினைக்கும் எவரும் என்னைப்போல் ஏமாறக்கூடாது. நடந்ததைச் சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் திண்டுக்கல் மாவட்டம். சிறுவிடைக் கோழிக்கு இங்கே எப்போதும் விலை உண்டு. குஞ்சும் மருந்தும் சேர்த்து விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் வீடியோ போடுவார்கள். குஞ்சுக்குச் சளியா, கழிச்சலா, கால் வாதமா, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். '15 நாள் வளர்த்து, தடுப்பூசி போட்டு அனுப்புகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். ஒருநாள் குஞ்சை வாங்கி, விளக்கு வைத்து, முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு பார்த்து வளர்ப்பது எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் 15 நாள் குஞ்சு கேட்டேன்.

அந்தப் பக்கத்தை நடத்தும் தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். "ராணிக்கெட், அதுதான் வெள்ளைக் கழிச்சல், தடுப்பூசி போட்டாயிற்றா தம்பி?" என்று கேட்டேன். "ஏழாம் நாளே கண்ணில் லசோட்டா சொட்டு விட்டாயிற்று அக்கா, படம் அனுப்புகிறேன், பாருங்கள்" என்றார். படமும் வந்தது. ஒரு கை குஞ்சைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை கண்ணில் சொட்டு விடுகிறது. "எங்கள் அம்மா வளர்க்கும் கோழிகளுக்கும் இதே மருந்துதான் அக்கா" என்றும் சொன்னார். அவர் பேசும்போது பின்னால் சேவல் கூவியது. ஓர் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். நம்மைப்போல ஒரு வீடுதான், இவர் ஏமாற்ற மாட்டார் என்று மனம் சொல்லிவிட்டது. போனை வைத்த கையோடு 7,400 ரூபாயையும் அனுப்பினேன். பாதியை இப்போது, மீதியைக் குஞ்சு வந்தபின் என்றுகூடக் கேட்கவில்லை.

பெட்டி வந்தபோதே இரண்டு குஞ்சுகள் செத்திருந்தன. "பயணத்தில் ஒன்றிரண்டு போகும் அக்கா" என்றார். சரி என்று விட்டேன். கூடவே மூன்று பிளாஸ்டிக் புட்டிகள் வந்தன. அவர்கள் பக்கத்தின் பெயரை அச்சடித்த ஒட்டுத்தாள் மட்டும் இருந்தது. ஒன்றில் 'சளி', இன்னொன்றில் 'கழிச்சல்', மூன்றாவதில் 'சத்து'. மூன்றையும் தினமும் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலை, குஞ்சுகளுக்கடியில் பரப்பிய உமியில் எச்சத்தோடு ரத்தம். முதலில் ஒரு குஞ்சுக்கு, சாயங்காலத்துக்குள் ஏழெட்டுக் குஞ்சுகளுக்கு. "டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்று என் மாமியார் அன்றைக்கே சொன்னார். நான் அந்தத் தம்பியைத்தான் கூப்பிட்டேன். "கழிச்சல் மருந்தை இரண்டு மடங்காகக் கொடுங்கள் அக்கா, நாளைக்கே நின்றுவிடும்" என்றார். மழைக்காலம், தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமி ஈரமாக இருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், மருந்து பார்த்துக்கொள்ளும்" என்றார். இந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மூன்று நாளில் 19 குஞ்சுகள் செத்தன.

நாலாம் நாள், செத்த குஞ்சு இரண்டையும் சோர்ந்து நின்ற ஒன்றையும் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா செத்த குஞ்சை அறுத்து எனக்கே காட்டினார். குருட்டுக்குடல் இரண்டும் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து கருஞ்சிவப்பாக இருந்தது. "இது காக்சிடியோசிஸ், ரத்தக் கழிச்சல்" என்றார். ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருவதாம். எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள உமியில் ஓரிரு நாளிலேயே நோயைப் பரப்பும் நிலைக்கு வந்துவிடுமாம். மாற்ற வேண்டாம் என்று அந்தத் தம்பி சொன்ன உமியைத்தான் என் குஞ்சுகள் மூன்று நாளும் கொத்திக்கொண்டிருந்தன.

நாம் எல்லாவற்றையும் 'கழிச்சல்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட். அது வைரஸ். வந்தபின் குணமாக்க மருந்தே கிடையாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காப்பு. ரத்தக் கழிச்சல் வேறு. ஆரம்பத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். இரண்டுக்கும் ஒரே புட்டி என்று எவன் விற்றாலும் அவன் பொய் சொல்கிறான்.

டாக்டரம்மாவிடம் புட்டிகளை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தின் பெயர் இல்லை, தயாரித்த தேதி இல்லை, காலாவதித் தேதி இல்லை, உரிம எண் இல்லை. "இதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதே அம்மா" என்றார். ஆம்புரோலியம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்து, 'சத்து' புட்டியை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த ஒட்டுண்ணி வளர வைட்டமின் பி1 தேவையாம். ஆம்புரோலியம் அந்த வைட்டமினைப் போலவே இருப்பதால் அதன் இடத்தைப் பிடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. கூடவே நாம் பி வைட்டமின் டானிக்கைக் கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். அந்தத் தம்பியின் இரண்டாம் புட்டியில் உண்மையான ஆம்புரோலியமே இருந்திருந்தாலும், மூன்றாம் புட்டியில் இருந்தது பி வைட்டமின் என்றால் அது மருந்தைக் கெடுத்திருக்கும். அதைத்தான் 1,900 ரூபாய் கொடுத்து வாங்கி என் கையாலேயே ஊற்றினேன்.

உமி முழுவதையும் அள்ளி எரித்துவிட்டு, புது உமி போட்டு, எழுதித் தந்த அளவில் மருந்து கொடுத்தேன். ஏற்கெனவே முற்றியவை 12 செத்தன, இன்றைக்குப் போனதையும் சேர்த்து. மற்றவை தேறி வருகின்றன. ரத்தம் கண்ட அன்றைக்கே போயிருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். முதல் நாள், "குளிர் தாக்கியிருக்கும் அக்கா" என்றார். குளிர் தாக்கினால் குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தும். என் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடித் தனித்தனியாக நின்றன. அதைச் சொன்னதும், "பக்கத்து வீட்டுக் கோழியிடமிருந்து வந்திருக்கும்" என்றார். மறுநாள், நான் அளவு தவறிக் கலந்துவிட்டேன் என்றார். இரண்டு மடங்காகக் கொடுக்கச் சொன்னதே அவர்தான்! அதற்கடுத்த நாள் வேறொருவர் எடுத்து, "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது மேடம்" என்றார். அக்கா போய் மேடம் வந்தது. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதியதைப் பத்து நிமிடத்தில் நீக்கினார்கள். 7,400 ரூபாய் வேண்டாம், மருந்துக் காசு 1,900 ரூபாயையாவது கொடுங்கள் என்று கேட்டதற்குத்தான் இது.

நேற்று இரவு அந்தத் தடுப்பூசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்துக் குப்பி வெயிலில், ஒரு பிளாஸ்டிக் முக்காலிமேல் நிற்கிறது. ஐஸ் இல்லை. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், கலக்கியபின் ஐஸ்மேல் வைத்துச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி அது, வெயிலில் நின்றால் எதற்கு ஆகும்? அது என் குஞ்சுதானா என்பதும் தெரியாது. போட்டார்களா இல்லையா என்று குஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மிச்சமுள்ள 17 குஞ்சுகளுக்கும், தேறியதும், வரும் சனிக்கிழமை மருந்தகத்தில் போடப் போகிறேன்.

விரிவாகச் சொல்வதாக எழுதினேன். இப்போது மனம் ஓடவில்லை. மருந்தின் பெயரும் தேதியும் இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். முழுப்பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். எச்சத்தில் ரத்தம் கண்ட அன்றைக்கே, செத்த குஞ்சு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். உமி நனைந்தால் யார் என்ன சொன்னாலும் உடனே அள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் இன்று காலையும் புதுக் குஞ்சுகளுக்கு முன்பதிவு நடக்கிறது. அதே படம், அதே முக்காலி. மாமியார் கூப்பிடுகிறார், மருந்துத் தண்ணீர் மாற்றும் நேரம். போகிறேன்.