பஞ்சு சீட்டை நம்பி மோசம் போனேன்: 155 மில்லிமீட்டர் அகல சைக்கிள் சீட், நாலு மாசம் ஓட்டிட்டு எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது சைக்கிள் சீட்டு ரிவ்யூ, ஆம்பளைங்களும் தாராளமா படிக்கலாம், ஆனா எங்க வலிச்சுதுன்னு நான் பட்டுனு தான் சொல்லப் போறேன், ஏன்னா அதை சொல்ல வாய் வராம தான் ரெண்டு தடவை காசை விட்டேன்.

வீடு தண்டையார்பேட்டை. வார நாள்ல திருவொற்றியூர்ல ஆபீசுக்கு சைக்கிள், ஞாயித்துக்கிழமைன்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்பி காசிமேடு தாண்டி எக்ஸ்பிரஸ் ரோடு புடிச்சு எண்ணூர் வரைக்கும் போய்ட்டு வருவோம், நாலஞ்சு பேர். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேணாம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஹார்பருக்கு வரிசை கட்டி நிக்கிற கண்டெய்னர் லாரி, ஓரத்துல மண்ணு, நடுவுல பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் எங்க போய் இடிக்கும்னு சீட்டுல உக்காந்தவளுக்கு தான் தெரியும்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் குடுத்த சைக்கிள்ல தான் ரெண்டு வருஷம் ஸ்கூலுக்கு போனேன், ஒரு நாள் கூட வலின்னு சொன்னதில்ல. அதனால ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கினப்போ, சீட்டைப் பத்தி யோசிக்கவே இல்ல. முதல் அஞ்சு கிலோமீட்டர் ஜாலியா இருக்கும், திருவொற்றியூர் தாண்டினதும் முன்பக்கம் மரத்துப் போக ஆரம்பிக்கும், வீட்டுக்கு வந்து குளிச்சா சோப்பு பட்டு எரியும், பீரியட்ஸ் நேரத்துல ஓட்டறதையே விட்டுட்டேன். வயசாயிடுச்சு, உடம்பு ஏறிடுச்சு, அதான் இப்படின்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன், 36 ஒரு வயசா.

முதல் செலவு ஜெல் கவர், 350 ரூபா. சீட்டு மேல மாட்டி கயித்தை இழுத்துக் கட்டணும். மெத்து மெத்துன்னு தான் இருந்துச்சு, ஆனா மிதிக்க மிதிக்க அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நழுவும், வெயில்ல நிறுத்திட்டு வந்தா தோசைக்கல்லு. மூணு வாரத்துல கழட்டி வீசிட்டேன்.

அப்புறம் வீட்டு பக்கத்துல ஒரு கடைக்கு போய் "சீட்டு மாத்தணும்ணா, இடுப்பு வலிக்குது"ன்னு சொன்னேன். எனக்கு இடுப்பு வலிக்கவே இல்ல! கடையில நாலு பசங்க நிக்கிறாங்க, எனக்கு அந்த வார்த்தை தான் வந்துச்சு. அவரும் பாவம் இடுப்பு வலிக்கு என்ன வைத்தியமோ அதை பண்ணாரு, ஹேண்டில்பாரை கொஞ்சம் ஏத்தி விட்டுட்டு "லேடீஸ் சீட்டு இருக்கு மேடம், சோபா மாதிரி இருக்கும்"னு ஒண்ணை எடுத்துக் காட்டுனாரு. அடியில ரெண்டு ஸ்பிரிங், மேல ரோஸ் கலர்ல பூ, அகலம் மணக்கட்டை மாதிரி. 650 ரூபா. கடை வாசல்ல உக்காந்து பாத்தப்போ சொர்க்கம், சத்தியமா. அடுத்த ஞாயிறு எர்ணாவூர் வர்றதுக்குள்ள ரெண்டு தொடையும் உள்பக்கம் உரசி செவந்துடுச்சு, மரத்துப் போறது முன்னாடியை விட ஜாஸ்தி ஆயிடுச்சு.

ஏன் அப்படின்னு அன்னைக்கு நாஷ்டா கடையில வச்சு ஒரு அக்கா தான் புரிய வச்சாங்க. பெரம்பூர்ல இருந்து எங்க கூட ஓட்ட வர்றவங்க, நர்ஸ். நான் வடையை புட்டுக்கிட்டே சும்மா "சீட்டு சரியில்லக்கா"ன்னேன், அவங்க சாம்பார் ஊத்திக்கிட்டே நேரா கேட்டாங்க, "எலும்புல வலிக்குதா, நடுவுல வலிக்குதா?" இத்தனை நாள் யாரும் கேக்காத கேள்வி. நடுவுல தான்க்கான்னேன். மெத்தையில முழங்கையை ஊனிப் பாரு, கை உள்ள போகும், சுத்தி இருக்கற பஞ்சு மேல எழும்பும், உன் சீட்டுலயும் அதான் நடக்குதுன்னாங்க. நாம உக்காரும்போது வெயிட்டை தாங்க வேண்டியது பின்பக்கம் இருக்கற ரெண்டு எலும்பு, பஞ்சு சீட்டுல அந்த ரெண்டும் அமுங்கி இறங்கிடும், நடுவுல இருக்கற பஞ்சு எழும்பி தாங்கக் கூடாத இடத்தைப் போய் அழுத்தும். ரத்த ஓட்டம் கொறையும், நரம்பு நசுங்கும், மரத்துப் போகும். ஸ்கூல் சைக்கிள்ல நிமிந்து உக்காந்து ஓட்டினேன், வெயிட்டு பூரா பின்னாடி, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் பத்து நிமிஷம் தான். கியர் சைக்கிள்ல முன்னாடி சாயறோம், சாஞ்சா இடுப்பே முன்னாடி உருண்டு வெயிட்டு சீட்டு மூக்குக்கு, அதாவது முன்னாடி ஒல்லியா நீண்டிருக்கற பக்கத்துக்கு, வந்துடுது. ஆம்பளைங்க அளவுக்கு நீளமா செஞ்ச ஃப்ரேம்னா நம்ம உயரத்துக்கு ஹேண்டிலை எட்டிப் புடிக்கறதுல இன்னும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கு.

அன்னைக்கு சாயங்காலமே அக்கா சொன்ன மாதிரி அளந்தேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை கிழிச்சு, உள்ள நெளி நெளியா இருக்குமே அந்த அட்டை, அதை மர ஸ்டூல் மேல போட்டு, லேசா முன்னாடி சாஞ்சு, குதிகாலை தூக்கி ஒரு நிமிஷம் அழுத்தி உக்காரணும். எழுந்து பாத்தா ரெண்டு குழி விழுந்திருக்கும். சரியா தெரியலன்னா சாக்பீஸை படுக்க வச்சு தேச்சா தெரியும். ஒரு குழி நடுவுல இருந்து இன்னொரு குழி நடு வரைக்கும் ஸ்கேல் வச்சேன், எனக்கு 128 மில்லிமீட்டர். அதோட ஒரு 20, 30 மில்லி சேத்தா சீட்டு அகலம், ரொம்ப சாஞ்சு ஓட்டினா கம்மியா, நிமிந்து ஓட்டினா ஜாஸ்தியா. எனக்கு 155 சரியா வந்துச்சு. பொம்பளைங்களுக்கு பொதுவா இந்த எலும்பு கொஞ்சம் தள்ளி தள்ளி இருக்கும், ஆனா எல்லாருக்கும் இல்ல, உடம்பு பருமனுக்கும் இதுக்கும் சம்பந்தமும் இல்ல. அக்கா என்னை விட நல்ல தாட்டியா இருப்பாங்க, அவங்களுக்கு 115 தான். பூ போட்ட சீட்டை எடுத்து நீட்டுற எந்தக் கடையிலயும் இதை அளக்கறதில்ல.

வெளிநாட்டுல இதைப் பத்தி எப்பவோ யோசிச்சுட்டாங்க. அமெரிக்கால ஜார்ஜினா டெர்ரின்னு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் அம்மா 1985லயே பொம்பளைங்களுக்குன்னே சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்சாங்க, நடுவுல ஓட்டை விட்ட அவங்க சீட்டுக்கு இன்னைக்கும் பேரு இருக்கு. எங்க க்ரூப்ல ஒரு தம்பி ப்ரூக்ஸ் லெதர் சீட்டை தான் வாங்கணும்னு பாராயணமே பண்ணுவான், 1866ல இருந்து இருக்கற இங்கிலாந்து கம்பெனி, ஓட்ட ஓட்ட தோலு நம்ம உடம்புக்கு ஏத்த மாதிரி படியும்னு. இருக்கலாம். எண்ணூர் உப்புக்காத்துலயும் டிசம்பர் மழையிலயும் தோலுக்கு மெழுகு தடவி புள்ள மாதிரி பாத்துக்க எனக்கு நேரமில்ல, விலையைப் பாத்ததும் போனை மூடி வச்சுட்டேன்.

கடைசியா வாங்கினது பார்க் டவுன்ல, சைக்கிள் சாமான் கடைங்க இருக்கற பக்கம். பெரியவர் ஒருத்தர். இந்த தடவை வாயை திறந்து "நடுவுல ஓட்டை இருக்கற சீட்டு, அகலம் 155, பஞ்சு கம்மியா"ன்னு கேட்டேன். மேல அடுக்குல இருந்து தூசி தட்டி ஒண்ணை இறக்குனாரு. கருப்பு, பெரிய கம்பெனி பேரெல்லாம் இல்ல, லேடீஸுன்னும் எழுதல, ஜென்ட்ஸுன்னும் எழுதல. நான் பையில இருந்து ஸ்கேலை எடுத்ததும் சிரிச்சாரு, "இன்னாம்மா, துணியா எடுக்கற?" அளந்தேன், 155 தான். கட்டை விரலால அழுத்தினா லேசா தான் அமுங்குது. மூக்குல இருந்து பின்பக்கம் வரைக்கும் நடுவுல நீளமா திறப்பு. 1,200 சொன்னாரு, 1,100க்கு குடுத்தாரு.

மாட்டின அன்னைக்கே சரியாயிடும்னு நினைச்சா ஏமாந்து போவீங்க. முதல் ரெண்டு வாரம் எலும்பு ரெண்டும் வலிச்சுது, ஆனா அது வேற வலி, பழகாத இடத்துல வெயிட்டு விழற வலி, மரத்துப் போறது முதல் நாளே நின்னுடுச்சு. அதிகமா படுத்தினது சாய்வு தான். மூக்கை நல்லா கீழ இறக்கி வச்சேன், அப்போ தான் அழுத்தாதுன்னு, உடம்பு சறுக்கி முன்னாடி வந்து வெயிட்டு பூரா கைக்கு போய் மணிக்கட்டு விட்டுப் போச்சு. திருப்பி ஏத்தி, கிட்டத்தட்ட மட்டமா, மூக்கு ஒரு நூல் கீழ. மட்டம் பாக்கற ஸ்பிரிட் லெவல் கிடையாது, போன்லயே பாத்துக்கிட்டேன். உயரத்துக்கு, பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை அதுல வச்சா கால் நேரா நீளணும், அவ்ளோ தான். சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னாடியும் தள்ளினேன். என் சைக்கிளுக்கு 6 மில்லி ஆலன் கீ ஒண்ணு போதும், பழைய மாடல் நட்டு வச்சதுன்னா ஸ்பேனர் வேணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாம போயிடும்.

துணி விஷயம். சுடிதார் பேன்ட்டு, லெகின்ஸ் ரெண்டுலயும் தையல் சரியா நடுவுல வருது, எந்த சீட்டா இருந்தாலும் அது அறுக்கும். உள்ள மெத்தை மாதிரி பேட் வச்சுத் தச்ச சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கி மேல லூசா குர்த்தா போட்டுக்கிறேன். அதுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாதுன்னு அக்கா காதுல சொன்னப்போ நான் சிரிச்சுட்டேன், ஆனா உண்மை, ஜட்டியோட ஓரத் தையல் உரசாம இருக்கத்தான் அப்படி சொல்றாங்க. ஓட்டி முடிச்சதும் உடனே மாத்திடணும், நம்ம ஊரு வேர்வைக்கு அப்படியே உக்காந்து கதை பேசினா புண்ணு தான்.

குறை இல்லாம இல்ல. மழையில ஓட்டினா பின் சக்கரத்து தண்ணி நடுத் திறப்பு வழியா நேரா மேல வருது, மட்கார்டு இல்லாதவங்க யோசிச்சுக்கோங்க, நான் அடியில பிளாஸ்டிக் ஷீட்டு ஒண்ணு கட்டியிருக்கேன். இடது ஓரத்துல தையல் லேசா பிரியுது. மூணாவது மாசம் கீச்சு கீச்சுன்னு சத்தம், கழட்டி சீட்டு அடியில இருக்கற கம்பியில ஒரு சொட்டு ஆயில் விட்டதும் அடங்கிடுச்சு. ஆனா போன வாரம் எண்ணூர் போய்ட்டு வந்து குளிச்சப்போ எரியல, பீரியட்ஸ் ரெண்டாவது நாள் வேற. 10க்கு 8 குடுப்பேன்.

ரோஸ் பூ சீட்டை அண்ணி கேட்டு வாங்கி என் பழைய ஸ்கூல் சைக்கிள்ல மாட்டிக்கிட்டாங்க. காய்கறி வாங்க மார்க்கெட்டு வரைக்கும் நிமிந்து உக்காந்து ஓட்டறவங்களுக்கு அது ராஜ சிம்மாசனமாம், இது மாதிரி சீட்டே இல்லைன்றாங்க. மிக்ஸி அட்டை மட்டும் பரண் மேல பத்திரமா இருக்கு, சைக்கிள் ஓட்டற பொண்ணுங்க யாரு வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னாடி அதுல தான் உக்கார வைக்கிறேன், இதுவரைக்கும் நாலு ஜோடி குழி விழுந்திருக்கு.