முகவர் இல்லாமல் மாஃபுஷி: ஒரு விருந்தினர் இல்ல அனுபவம்

கொரோனா பரவலால் மூடிய எல்லைகளை மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்றே திறந்துவிட்டாலும், மக்கள் வாழும் தீவுகளிலுள்ள விருந்தினர் இல்லங்களுக்கு அக்டோபர் நடுவில்தான் அனுமதி கிடைத்தது என்பதால், டிசம்பரில் மாஃபுஷி தீவில் ஐந்து இரவுகள் தங்கும்படி நானே பயணத்தைத் திட்டமிட்டேன்.

இல்லத்தாரிடம் நான் முதலில் கேட்டது அறையைப் பற்றியல்ல. பரிசோதனையில் தொற்று உறுதியானால் முன்பணம் என்னவாகும் என்பதைத்தான். தேதியை மாற்றித் தருவதாக அவர்கள் மின்னஞ்சலில் எழுதிய பிறகே பணம் செலுத்தினேன். இத்தகைய காலத்தில் வாய்மொழி உறுதி போதவே போதாது.

கொரோனா தொற்று இல்லை என்று காட்டும் பிசிஆர் பரிசோதனைச் சான்றிதழில் என் கடவுச்சீட்டு எண்ணின் கடைசி இலக்கம் விடுபட்டிருந்ததை நல்லவேளையாகப் புறப்படுவதற்கு முந்தைய நாளே கவனித்து, ஆய்வகத்துக்கு நேரில் சென்று திருத்தி வாங்கினேன். அப்போது பயணத்துக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டியிருந்த, மாலத்தீவு செல்வோருக்கான பயணி விவரப் படிவமான இமுகா இணையப் படிவம் எளிமையாகவே இருந்தது.

இல்லத்தைப் பொறுத்தவரை எனக்கு நிறைவே. படுக்கைக்கு எதிரிலிருந்த பெரிய சன்னலைத் திறந்தால் கடற்காற்று அறை முழுவதும் உலவியது. மூடிய அறையை அஞ்சிய அந்நாட்களில் அதுவே பெரும் ஆறுதல். பணியாளர்கள் ஒருமுறைகூட முகக்கவசமின்றி எதிர்ப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் செல்லும் விரைவுப் படகின் நேரம் மாறியதை மட்டும் அவர்கள் தெரிவிக்கத் தவறியதால், படகுத்துறையில் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. கேட்டபோது மன்னிப்புக் கோரி, திரும்பும் படகுக் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.